ஆறாம் வகுப்புக்கான மரங்கள்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் கண்மாய்க்குள்தான் வளர்ந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை. முதுகுளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, ரோட்டில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மிளகாய், இரண்டும் போனால் ஆடு என்று பிழைக்கிற ஊர். பஞ்சாயத்துக்கென்று பெரிய வரும்படி எதுவும் கிடையாது. ஆனால் நான் பிறப்பதற்கு முன்பே வனத்துறைக்காரர்கள் கண்மாய்க்குள் வரிசை வரிசையாக நாட்டுக் கருவேலங்கன்றுகளை நட்டு வைத்திருந்தார்கள். மரம் முற்றியதும் வெட்டுவதற்கு ஏலம் விடுவார்கள். வருகிற பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு, ஒரு பங்கு பஞ்சாயத்துக்கு. முன்பு ஒருமுறை வெட்டிய மரங்களில்தான் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது அறையும், தண்ணீர்த் தொட்டியும், மூன்று தெருவிளக்குகளும் வந்தன. நாங்கள் யாராவது சுவரில் கரியால் கிறுக்கினால், தலைமையாசிரியர், "ஏலே, அது சுவரில்லடா, பத்து மரம்" என்று சத்தம் போடுவார். ரொம்ப நாள் வரைக்கும் நான் செங்கல் என்பதே கருவேல மரத்திலிருந்து எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம், அதே இடத்தில் மறுபடி நட்டிருந்த மரங்கள் வெட்டுக்கு வந்தன. அந்த வருஷம் அம்மாதான் பஞ்சாயத்துத் தலைவி.

அம்மா தலைவியான கதையில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அய்யா அம்மாவை நிறுத்தினார். நோட்டீசில் அம்மாவின் படம் சின்னதாகவும், அதற்குக் கீழே "இன்னாரின் மனைவி" என்று அய்யாவின் பெயர் பெரிதாகவும் இருந்தன. ஜெயித்த பிறகு எல்லோரும் அம்மாவைப் "பிரசிடெண்டம்மா" என்று கூப்பிட்டார்கள். மனுவை மட்டும் அய்யா கையில் கொடுத்தார்கள். கூட்டத்தில் அய்யா பேசுவார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைப்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அம்மாவின் கையெழுத்து அழகாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தையும் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல நிதானமாக எழுதுவாள். அவசரக்காரரான அய்யா அதற்குள் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார்.

புரட்டாசியில் ஒரு நாள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அதை எட்டாம் வகுப்பு வரை உயர்த்த வாய்ப்பு வந்திருப்பதாகவும், அதற்கு ஊர்ப் பங்காக ஒரு தொகையைத் தை மாதத்துக்குள் கட்ட வேண்டும் என்றும், தவறினால் அந்த வாய்ப்பு ஒன்றியத்தின் மறுகோடியில் இருக்கிற இன்னொரு ஊருக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அய்யா யோசிக்கவே இல்லை. "அதான் கண்மாயில நிக்கிதுல்ல சார், பள்ளிக்கூடம்" என்றார்.

அக்கா அப்போது முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறியவள். ஆனால் ஆறாம் வகுப்புக்கு முதுகுளத்தூர் போக வேண்டும். ரோடு வரைக்கும் நடந்து, பஸ் பிடித்துப் போய்வர வேண்டும். பொம்பளைப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று அய்யா சொல்லிவிட்டதால் இரண்டு வருஷமாக ஆடும் மிளகாயும்தான் அவளுக்கு வேலை. சார் சொன்னதைக் கேட்டதும் அவள் கை நின்றது. எழுந்து நிலைப்படி வரைக்கும் வந்தாள்.

"சார், ஆறாங்கிளாஸ் இங்கனயே வந்துட்டா நானும் சேரலாமா?"

"ஏன் சேரக்கூடாது? ரெண்டு வருசந்தானே போச்சு. மொத ஆளா ஒம் பேரத்தான் எழுதப்போறேன்" என்றார் சார்.

அய்யா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அய்யா ஒன்றும் சொல்லவில்லை என்றால் சம்மதம் என்று பொருள். அன்றைக்கே அக்கா பெட்டியைத் திறந்து, தன் பழைய யூனிபார்ம் பாவாடையை எடுத்துப் பார்த்தாள். முழங்கால்வரைதான் வந்தது. கீழ்மடிப்பைப் பிரித்து, இறக்கி, மறுபடி தைத்தாள். இறக்கிய இடத்தில் மட்டும் வெளுக்காத நீலம் ஒரு கோடாகத் தெரிந்தது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கரை வைத்த பாவாடை மாதிரி இருக்கிறது என்றாள்.

மரத்துக்கு ஏலம் முடிந்தது. ஆனால் ஏதேதோ கையெழுத்துக்காகக் காகிதம் மேலும் கீழும் போய்வந்ததில் வெட்டு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதற்குள் ஐப்பசி பிறந்து, எங்கள் ஊரில் எப்போதும் பெய்யாத மழை அந்த வருஷம் பெய்தது. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீரோடு பறவைகளும் வந்தன.

எங்கள் பக்கத்துப் பெரிய கண்மாய்களுக்கு வருஷா வருஷம் பறவைகள் வரும். அந்த ஊர்களில் அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போட மாட்டார்கள். எங்கள் கண்மாய் சிறியது. எங்களுக்கு வந்ததெல்லாம் நாலு கொக்கும் ரெண்டு நீர்க்காகமும்தான். அந்த வருஷம் மட்டும் என்ன நினைத்தனவோ, நாரைக் கூட்டமே வந்து இறங்கியது. மஞ்சள் மூக்கும் நீளக் காலுமாக மரத்துக்கு மரம் உட்கார்ந்து, கருவேல உச்சியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்த மாதிரி ஆகிவிட்டது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

ஏலம் எடுத்தவர் மட்டும் வேடிக்கை பார்க்கவில்லை. இன்னொரு மழை பெய்து கண்மாய் நிறைந்துவிட்டால் கோடை வரைக்கும் மரத்தைத் தொட முடியாது என்று பதறி, ஆட்களோடு வந்துவிட்டார். கூடவே வனத்துறையிலிருந்து வனவரும் வந்தார். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, பறவை சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை, கூடு கட்டி முட்டை வைத்திருந்தால் அவை போகிற வரைக்கும் வெட்ட முடியாது என்றார். கூடு இல்லை என்று பஞ்சாயத்திலிருந்து ஒரு கடிதம் கொடுத்தால் திங்கட்கிழமையே கோடாலி வைக்கலாம் என்றும் சொன்னார்.

"கூடெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. வந்து எளைப்பாறிட்டுப் போகும்" என்றார் அய்யா. அவர் கரையைவிட்டு இறங்கிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமோ என்றுதான் இறங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பறவை இருந்தால் மரம் வெட்ட மாட்டார்கள். மரம் வெட்டாவிட்டால் ஆறாம் வகுப்பு வராது. ஆறாம் வகுப்பு வராவிட்டால் அக்காவோடு நானும் மிளகாய்க்குக் காம்பு கிள்ள வேண்டும். ஆகவே பறவைகளைக் கிளப்பிவிட வேண்டும். பெரியவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது.

சித்தப்பா மகனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அவனும் என் வகுப்புத்தான். அவனுக்கு ஆறாம் வகுப்பைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பையன், எப்படியும் முதுகுளத்தூருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் சத்தம் போடுகிற வேலை என்றால் அவனுக்கு உயிர். வியாழக்கிழமை காலையில் இருவரும் சத்துணவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போனோம். தண்ணீரில் இறங்கி, கல்லால் தட்டைத் தட்டிக்கொண்டே மரங்களுக்கு நடுவே நடந்தோம். நாரைகள் குபீரென்று கிளம்பின. வானம் ஒரு நிமிஷம் இருட்டி வெளுத்தது. எங்களுக்கு ஒரே குதூகலம். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால், அத்தனையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தன.

சாயங்காலமும் போனோம். மறுநாளும் போனோம். சித்தப்பா மகன் தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் வைத்திருந்த இரண்டு ஓலைவெடிகளைக் கொண்டுவந்தான். அவை நமத்துப்போய்ப் புகைந்ததோடு சரி. கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர், "ஏலே, சோறு திங்கிற தட்டை எதுக்குடா ஒடைக்கிறீங்க" என்று விரட்டினார். தட்டு நெளிந்ததைத் தவிர நாங்கள் சாதித்தது ஒன்றுமில்லை.

சனிக்கிழமை சித்தப்பா மகனுக்குச் சளி பிடித்துவிட்டது. நான் மட்டும் தனியாகப் போனேன். அன்றைக்குத் தட்டோடு விடவில்லை. கரையிலிருந்து மண்கட்டிகளை மடி நிறைய அள்ளிக்கொண்டு, தண்ணீருக்குள் நடந்து, ஒரு மரத்தடியில் நின்று ஒவ்வொன்றாக எறிந்தேன். மூன்றாவது கட்டி கிளையில் பட்டது. பெரிய நாரை ஒன்று தடுமாறிக்கொண்டு எழுந்தது. அதன் காலுக்கடியிலிருந்து எதுவோ உருண்டு விழுந்து, வேரோரம் மேடாக இருந்த சேற்றில் பொதக்கென்று உட்கார்ந்தது.

முட்டை. கோழிமுட்டையைவிடப் பெரியது. உடையவில்லை. எடுத்தேன். சூடாக இருந்தது.

அந்தச் சூட்டை எதிர்பார்க்கவில்லை. கல்லைப்போல ஜில்லென்று இருக்கும் என்றுதான் எடுத்தேன். இப்போது கீழே போடவும் முடியவில்லை, மேலே வைக்கவும் முடியவில்லை. மரம் முழுக்க முள். நாரை என் தலைக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் குரலே கிடையாது. அலகுகளைத் தட்டித்தான் பேசும். அந்தச் சத்தம் எனக்கு நான் தட்டுத் தட்டிய சத்தம் மாதிரியே கேட்டது. பாவாடையில் முட்டையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் கோழி ஒன்று கூடையில் அடை படுத்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் முட்டையைத் தள்ளிவிட்டேன். கோழி கொஞ்சம் முறைத்தது, அப்புறம் ஏற்றுக்கொண்டது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. குஞ்சு பொரித்து வந்தால் அதற்கு மீன் எங்கே பிடிப்பது என்கிற ஒரே கவலைதான் மிச்சம்.

மறுநாள் காலையில் அம்மா கோழிக்குத் தவிடு வைக்கப் போனாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கோழி தீனிக்கு எழுந்தது. அம்மா குனிந்தபடியே ரொம்ப நேரம் நின்றாள். பிறகு முட்டையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். யாரையும் கூப்பிடாமல் நேராகக் கண்மாய்ப் பக்கம் நடந்தாள். நான் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே போனேன்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். மரம் மரமாகப் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். மேலேயிருந்து எச்சம் விழுந்து அவள் தோளெல்லாம் வெள்ளையானது. அவள் துடைக்கக்கூட இல்லை. நான் இருந்த இடத்திலிருந்தும் இப்போது தெரிந்தது, உச்சியெல்லாம் சுள்ளி சுள்ளியாகக் கூடுகள். மூன்று நாளாக அவற்றுக்கு அடியிலேயே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பறவையைப் பார்த்தேனே தவிர கூட்டைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீதான் தட்டுனியா?"

நான் அழுதுவிட்டேன். அடி விழும் என்றுதான் அழுதேன். அம்மா அடிக்கவில்லை. ஈரக்கையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"முட்டை வச்சுட்டா அது போகாதுடி. நீ எம்புட்டுத் தட்டுனாலும் சுத்திச் சுத்தி அங்கனயேதான் வந்து உக்காரும். வேற எங்கன போகும்?"

"அப்ப ஆறாங்கிளாஸு?" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினாள். அந்தப் பிடி வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஊரே கூடியிருந்தது. வெட்டுகிற ஆட்கள் கோடாலிகளைச் சுவரில் சாத்திவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் எங்களை வரிசையாக நிற்க வைத்திருந்தார். சுபகாரியத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார். அக்கா பாவாடையை அன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சேர்வதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

கிளார்க் கடிதத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தார். அய்யா அதை வாங்கி அம்மா முன்னால் மேஜைமேல் வைத்து, வழக்கம்போல விரலால் இடத்தைக் காட்டினார். அம்மா பேனாவை எடுத்தாள். கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். உதடு அசைய, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அய்யா தொண்டையைச் செருமினார். இன்னொரு முறை செருமினார். அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"கூடு இருக்குங்க. நான் எறங்கிப் பாத்தேன். வடக்க மட்டும் நாப்பதுக்கு மேல இருக்கு. இல்லன்னு எழுதுன காயிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கூட்டத்தில் அம்மாவின் குரலை ஊர் கேட்டது அதுதான் முதல் தடவை. உடனே எல்லோரும் பேசினார்கள். எங்கள் பெரியப்பா முறையுள்ள ஒருவர் எழுந்து, "என்னாத்தா, கொக்குக்காக நம்ம பிள்ளைக படிப்புல மண்ணப் போடுறியே. ஒனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்குல்ல?" என்றார். அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு விநாடியில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதை என்னால் இன்றுவரை எழுத முடியவில்லை.

அய்யா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இந்தா, அங்கிட்டு முட்டை கிட்டை ஒண்ணும் இல்ல. போட்டுட்டு வா."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ராத்திரி முழுக்க மறுபடி கோழிக்கடியில் வைத்திருந்த முட்டையை மேஜைமேல் வைத்தாள். அது உருளாமலிருக்க முத்திரையை அதற்கு அண்டக் கொடுத்தாள்.

வனவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். முட்டையைக் கூட்டிலிருந்து எடுப்பது குற்றமாயிற்றே, யார் எடுத்தது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சித்தப்பா மகன் மெதுவாக என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"நாந்தான் எடுத்தேன்" என்றாள் அம்மா. "சேத்துல கெடந்துச்சு. யாரையும் கேக்கணும்னு தெரியல. தப்புன்னா எழுதிக்கங்க."

வனவர் எழுதவில்லை. கடிதத்தை மடித்துக் கிளார்க்கிடமே கொடுத்துவிட்டு, சித்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். கோடாலிகளும் போய்விட்டன. முட்டை அதற்குள் ஆறிப்போயிருந்தது. அம்மா அதைக் கொண்டுபோய் மிளகாய்க் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எங்கள் வீட்டில் நன்றாக இல்லை. அய்யா அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு வேண்டுமென்றால்கூட என்னைக் கூப்பிட்டு, "ஒங்கம்மாகிட்டச் சொல்லு" என்பார், அம்மா எதிரிலேயே இருக்க. தை மாதம் கழிந்தது. வாய்ப்பு அந்த மறுகோடி ஊருக்குப் போய்விட்டது. குழாயடியில் அம்மா போனால் பேச்சு நின்றது. எனக்கும் அம்மாமேல் கோபம்தான். என்னைக் காட்டிக்கொடுக்காததற்கு நன்றியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ, அன்றைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமே என்றுதான் இருந்தது. நாரைகளோ, ஊரில் தங்களைப் பற்றி இத்தனை மனத்தாங்கல் இருப்பது தெரியாமல் குஞ்சு பொரித்து, மீன் ஊட்டி, பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

அக்கா மட்டும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. கூட்டத்திலிருந்து வந்ததும் பாவாடையை அவிழ்த்து, துவைத்துக் காயவைத்து, மடித்து என் பெட்டியில் வைத்துவிட்டாள். "ஒனக்கு ரெண்டு வருசத்துக்கு வரும்" என்றாள்.

பங்குனியில் பறவைகள் போய்விட்டன. சித்திரையில் மரங்களை வெட்டினார்கள். பஞ்சாயத்துப் பங்கும் வந்தது. ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும், பெண்பிள்ளைகளுக்குக் கக்கூசும், மேல்நிலைத் தொட்டியும் அதில்தான் கட்டினார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் உயர்த்துகிற வாய்ப்பு மறுபடியும் வர இரண்டு வருஷமானது. அதற்குள் அக்கா வயதுக்கு வந்து, தாவணி போட்டுவிட்டாள். புதிய கட்டடத்தைத் திறந்த அன்றைக்கு அவள் எங்களோடு நின்று கைதட்டிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். அவள் பிற்பாடு வீட்டிலிருந்தபடியே எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதித் தேறியது எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெரிய அதிசயம். யாரிடம் படித்தாள் என்று கேட்பார்கள். அக்கா சிரிப்பாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கோடையில் நான் ஐந்தாம் வகுப்பை முடித்தேன். ஒரு நாள் அய்யா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா, "சின்னவ முதுகுளத்தூருக்குப் போவா" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். ஊர் முன்னால் ஒருமுறை எழுந்து நின்றவளுக்கு வீட்டுக்குள் எழுந்து நிற்பது சுலபமாகிவிட்டது போலும். அய்யா அம்மாவோடு நேராகப் பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பேசினார்.

"யாரு கொண்டுபோய் விடுவா? நீயா?"

"ஆமா. நாந்தான்."

"அப்பக் கூட்டிட்டுப் போ. எத்தன நாளைக்குன்னு பாப்போம்."

அப்படித்தான் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். காலையில் அம்மாவும் நானும் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறுவோம். சாயங்காலம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு நான் திரும்பி வந்துவிடுவேன். ரோட்டில் அக்கா வந்து நிற்பாள். அம்மாவுக்குத்தான் சிரமம். காலை பஸ்ஸைவிட்டால் திரும்புகிற பஸ் மதியம்தான். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்துச் சுவரோரம், எங்கள் வகுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "ஒங்கம்மா ஏன்டி தெனமும் இங்கனயே உக்காந்திருக்கு?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் பஸ்ஸில் ஏறும்போதே அம்மாவிடம் சொன்னேன்.

"யூனியன் ஆபீஸ்ல போய் உக்காரும்மா. நீதான் பிரசிடெண்டாச்சே, நாற்காலி போடுவாக."

"அங்கன ஒரே கூட்டம்டி. வேப்பமரத்தடின்னா நெழலா இருக்கு."

அம்மா அதே இடத்தில்தான் உட்கார்ந்தாள். டீச்சர் ஜன்னல் பக்கம் வந்து பாடம் நடத்தும்போது இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் என்னைக் காவல் காக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பத்து வயதில் உலகத்தில் எல்லோரும் நம்மைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் ரோட்டிலிருந்து ஊருக்கு நடக்கிற மூன்று கிலோமீட்டரும் அக்காவிடம் பெருமையடித்துக்கொள்வதுதான் என் வேலை. ஆறாம் வகுப்பில் என்னவெல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று அவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாள், பின்னத்தைக் கூட்டத் தெரியுமா என்று கேட்டேன். "கீழ இருக்கிற எண்ண ஒண்ணாக்கிட்டுத்தான் மேல கூட்டணும்" என்றாள் அவள், ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டே. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் இலை எப்படி வெயிலை வைத்துத் தனக்குச் சாப்பாடு செய்கிறது என்று ஆரம்பித்தேன். அதுவும் தெரிந்திருந்தது. அதற்கடுத்த நாள், பூமி சாய்ந்து சுற்றுவதைக் குச்சியால் மண்ணில் எனக்கே வரைந்து காட்டினாள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் கிடைத்தது. நான் தூங்கின பிறகு அக்கா என் புத்தகத்தைத் திருட்டுத்தனமாக எடுத்துப் படிக்கிறாள். என்னைவிட அதிகம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள்.

நேரே அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் அக்கா மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே தரையில் கரித்துண்டால் ஏதோ கணக்குப் போட்டிருந்தது. நான் வந்ததும் அம்மா அதன்மேல் முறத்தை நகர்த்தி வைத்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்துகொண்டாள்.

"அப்படியா செய்யுறா?" என்றாள் அம்மா. "இனிமே ஒம் புத்தகத்தத் தொடமாட்டா. நான் சொல்லிக்கிறேன், போ."

எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று, அந்த வருஷம் முழுக்கப் புத்தகங்களைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். அக்காவுக்கு அதற்கப்புறமும் எல்லாப் பாடமும் தெரிந்துகொண்டேதான் இருந்தது.